ஊர்ப்பெயரும் கலைக்களஞ்சியமும்

அறிஞர் ஆராய்ந்து கண்ட பல்துறைச் செய்திகளை அகர வரிசையில் தொகுத்துத் தரும் நூல் கலைக்களஞ்சியம் எனப்படும். தமிழில் ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இத்தகைய நூலைத் தொகுப்போர் முன் எழும் வினாக்களுள் ஒன்று, எவ்வூருக்குத் தனிக் கட்டுரை வரைவது என்பதாகும்.

வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டித் தென்மேற்கே செல்லும் வழியைத் தேசப்படத்தில் காண்க. பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களின் இடையிலும் இருமருங்கிலும் நுண்ணிய எழுத்தில் பெயர்கள் பல நெருங்கி நிற்கும். அவற்றுள் சில சிற்றூர்களின் பெயர்கள்; சில குன்றுகளின் பெயர்கள். படத்தில் எல்லாம் ஒரு புள்ளியும் ஒரு பெயருமே. அவ்வளவே கொண்டு கட்டுரை எழுதப் புகுதல் தகுமோ?

முதற்கண் ஆராயத்தக்கது, அவ்விடம் உண்மையில் உளதா என்பது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையிலுள்ள கடலில் சாண்டித் தீவு என ஒன்று நூறாண்டுகளுக்கு மேலாகப் படங்களில் குறிக்கப்பட்டு வந்தது. 2012ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று அவ்விடம் சென்றது. ஆங்கே தீவு இல்லை. ஆயிரம் மீட்டருக்கும் மிகுந்த ஆழமுடைய கடலே இருந்தது. ஒரு படத்திற் புகுந்த பிழையை அடுத்தடுத்து வந்த படங்களும் பார்த்தெழுதின. கலைக்களஞ்சியத்திற் புகும் பிழையும் அவ்வாறே பிற நூல்களிற் பரவும். பொய்யான செய்தி ஒன்று வெளிப்படின், மெய்யான செய்திகளையும் படிப்போர் ஐயுறுவர்.

இரண்டாவது, அவ்வூரைப் பற்றிச் சான்றுடன் சொல்லத்தக்க செய்தி உளதா என்பது. ஊரின் பரப்பும் மக்கள் தொகையும் இதற்கு அளவுகோல் ஆகா. இராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடி இன்று ஒரு சிற்றூரே. ஆயினும் ஆங்குள்ள குடைவரைக் கோயிலின் கல்வெட்டு, ஊரை மகேந்திரபுரம் என்றும், ஏரியை மகேந்திர தடாகம் என்றும், கோயிலை மகேந்திர விஷ்ணுகிருகம் என்றும் கூறுகின்றது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துப் பெருமைக்கு அக்கல்லே சான்று. சவ்வாது மலையிலுள்ள காவலூரும் சிற்றூரே. ஆங்குள்ள வானாய்வகத்தில் 2.3 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. 1988ஆம் ஆண்டு ஆங்குக் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று, கணித மேதை இராமானுசன் பெயரைத் தாங்குகின்றது. இவ்விரண்டு ஊர்களும் தனிக் கட்டுரைக்கு உரியன என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது, செய்தி அவ்வூருக்கே உரியதா, பல ஊர்க்கும் பொதுவானதா என்பது. பாலாற்றங்கரை ஊர்கள் பலவற்றில் தோல் பதனிடும் தொழில் நடைபெறுகின்றது. அத்தொழிலின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்தமை குறித்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. இதனை ஊர்தோறும் தனித்தனியே எழுதின் கூறியது கூறலாம். தோல் தொழில், பாலாறு என்னும் தலைப்புகளில் ஒருமுறை விளங்க எழுதி, ஊர்ப்பெயர்களை ஆங்கே குறித்து, நூலின் இறுதிப் பெயரடைவிலும் சேர்த்தலே முறை. அரசர் கல்வெட்டு இல்லாத உழைப்பாளர் ஊர்களும் இவ்வாறு மறைந்து போகாமல் நிற்கும்.

தம் ஊர்மேல் மக்களுக்குப் பற்று இருத்தல் இயல்பு, நன்றுமாம். எனினும் பற்று சான்று ஆகாது. தனிக் கட்டுரை இன்மை ஓர் ஊருக்கு இழிவும் அன்று. இன்று போதிய சான்று கிடைத்திலது என்பதே அதன் பொருள். நாளை ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ ஒரு நடுகல் வெளிப்படின், முடிவும் மாறும். ஆதலின் மாணவர்கள் தம் ஊர்க் கல்லையும் ஏரியையும் தொழிலையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கண்டதைக் கண்டவாறே நாளும் இடமும் குறித்து எழுதி வைத்தல் வேண்டும். கேட்டதைக் கேட்டது என்றே குறித்தல் வேண்டும். இத்தகைய குறிப்புகளே பின்னாளில் ஓர் ஊரைப் பற்றி எழுதப் புகுவார்க்குத் துணையாகும்.