படத்தின் நிறமும் பக்கத்தின் நிறமும்

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் இருப்புப் பாதையில், சேர்வராயன் மலைக்கு வடக்கே அமைந்துள்ளது நம் பொம்மிடி. முன்னாளில் சரக்கு வாங்குவோர் நேரில் வந்தனர். சேலையைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தனர்; மஞ்சள் கிழங்கை ஒடித்துப் பார்த்தனர்; அதன் பின்னரே விலை பேசினர். இன்றோ வாங்குவோருள் பலர் கைப்பேசித் திரையில் தோன்றும் படத்தைக் கண்டே பணம் செலுத்துகின்றனர். 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் இணைய வழியில் கைத்தறித் துணிகளை விற்று வருகிறது. ஆதலின், திரையில் நிறம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

இது வெறும் அழகுபற்றிய செய்தியன்று. இணைய வணிகத்திற்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையெனில், அதைத் திரும்பப் பெற விற்பவர் மறுத்தல் கூடாது. அரக்கு நிறமென்று கண்டு வாங்கிய சேலை செங்கல் நிறமாக வந்து சேர்ந்தால், அது நம்மிடமே திரும்பும். அனுப்பிய கூலியும் திரும்பிவரும் கூலியும் சங்கத்தின் கணக்கில் ஏறும். நெய்தவர் மீது குற்றமில்லை. படத்தின் மீதே குற்றம்.

இருவகைத் தொல்லை

ஓர் உதாரணம் கொள்வோம். நம் விற்பனைப் பக்கத்தின் பின்னணி இளஞ்சந்தன நிறம். அதற்கு இசைவாகச் சந்தன நிறத் துணியை விரித்து, அதன்மேல் சேலையை வைத்துப் படம் எடுக்கிறோம். சங்கத்துக் கணினியில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன. வேறொருவர் கைப்பேசியிலோ, படத்தைச் சுற்றி ஒட்டுப்போட்டாற்போல் ஒரு சதுரம் தெரிகிறது. இது முதல் தொல்லை. சேலையின் நிறமே திரைக்குத் திரை மாறுவது இரண்டாவது தொல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் பலரும் இடர்ப்படுகின்றனர்.

நிறம் செல்லும் வழி

திரையில் நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூவகை ஒளியின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் தரப்படும். இவ்வாறு 1,67,77,216 நிறங்களைக் குறிக்கலாம். முற்காலத் திரைகள் பல ஒரே சமயத்தில் 256 நிறங்களையே காட்டவல்லன. ஆதலால் பக்கம் அமைப்போர் எங்கும் மாறாத 216 நிறங்களை மட்டும் கையாண்டனர். ஆப்பிள் கணினிகள் ஒளியளவைக் கணக்கிட்ட முறையும் 2009 வரை ஏனைய கணினிகளினின்று வேறுபட்டிருந்தது. ஒரே படம் ஒன்றில் வெளிறியும் மற்றொன்றில் கறுத்தும் தோன்றியது. இக்குறைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. எனினும் சதுரம் தெரிவது நீங்கவில்லை. ஏன்?

பக்கத்தின் பின்னணி நிறம் வெறும் எண்ணாகவே எழுதப்படுகிறது. அது நேரே திரைக்குச் செல்கிறது. படத்தின் நிறமோ பல கைமாறி வருகிறது. விரித்த துணியில் வெளிச்சம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் விழும். ஜேபெக் முறையில் படத்தைச் சுருக்கும்போது எண்கள் சற்றே பிறழும். படத்தோடு வரும் நிறக் குறிப்பு விரிந்த நிற எல்லையைச் சார்ந்ததாக இருந்து, பக்கத்தில் ஏற்றும்போது அக்குறிப்பு அறுந்துபோனால், நிறங்கள் மங்கும்.

திரை தரம் குறைந்ததாயினும், அது பின்னணியையும் படத்தையும் ஒருங்கே மாற்றுகிறது. வேற்றுமை கோப்பிலேயே உள்ளது. மங்கிய திரை அதை மறைக்கிறது, தெளிந்த திரை காட்டிக்கொடுக்கிறது. அவ்வளவே.

தறி கற்பிக்கும் பாடம்

நெசவாளர்க்கு இது புதிதன்று. வெவ்வேறு நாளில், வெவ்வேறு தொட்டியில் தோய்த்த இரு சிட்டங்களை ஒரே பாவில் சேர்த்தால், நிறம் ஏறத்தாழ ஒன்றேயாயினும் துணியில் வரி விழும். அதற்கு வழி இரண்டே: முழு நூலையும் ஒரே தொட்டியில் தோய்த்தல், அல்லது நிறத்தை வேண்டுமென்றே வேறுபடுத்தல். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். தனித்தனி நாடா கொண்டு நெய்து இரண்டையும் கோர்க்கின்றனர். அங்கே வேற்றுமை குறையன்று, அழகு.

படத்திற்கும் இதுவே வழி. ஒன்று, சேலையைச் சுற்றியுள்ள பகுதியை நீக்கிப் பி.என்.ஜி. முறையில் ஒளி ஊடுருவுமாறு அமைக்கலாம். அப்போது பக்கத்தின் நிறமே படத்தின் பின்னணியாகும். பொருத்த வேண்டிய இரண்டாம் நிறம் இராது. அல்லது, படத்திற்குத் தெளிந்த கரை ஒன்று கட்டி, பின்னணி வேறு, படம் வேறு என்று காட்டிவிடலாம். ஏறத்தாழப் பொருத்துவதே தீது.

இக்காலத்தில் பலர் கைப்பேசியை இருண்ட பின்னணிக்கு மாற்றிப் பார்க்கின்றனர். வெண்ணிறத்தில் வைத்து வெட்டிய படத்தின் விளிம்பில், அப்போது வெள்ளைக் கீற்று தெரியும். வெள்ளை, கறுப்பு ஆகிய இரண்டின் மீதும் வைத்துப் பார்த்த பின்னரே படத்தை ஏற்ற வேண்டும்.

பக்கத்து நிறத்தின் வலிமை

பாரிஸ் நகரத்துக் கோபெலின் நெசவுச்சாலையில் 1824 முதல் சாயப் பகுதியை மேற்பார்த்தவர் செவ்ரெல் என்னும் வேதியியல் அறிஞர். கறுப்பு நூல் மங்கலாக இருப்பதாகக் குறை எழுந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் பிழையில்லை. அடுத்திருந்த நிறங்களே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டார். 1839-இல் இதனை நூலாகவும் வெளியிட்டார். ஒரு நிறத்தின் தோற்றம் அதன் பக்கத்து நிறத்தைச் சார்ந்தது என்பதே அவர் முடிவு.

பச்சைப் பின்னணியில் சிவப்புச் சேலை மிகச் சிவந்து தோன்றும். மஞ்சள் பின்னணியில் வைத்த மஞ்சள் கிழங்கு வெளிறித் தோன்றும். ஆதலின் சேலைக்கும் விளைபொருளுக்கும் வெண்மையோ இளஞ்சாம்பலோ தக்க பின்னணியாகும்.

செய்யத்தக்கவை

1. வெயில் நேரே படாத தாழ்வாரத்தில் பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க. குழல் விளக்கையும் பகல் வெளிச்சத்தையும் கலவாதீர்.

2. பொருளின் அருகே வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து முதற்படம் எடுக்க. திரையில் அத்தாள் மஞ்சளித்தோ நீலம் பூத்தோ தோன்றினால், அது வெண்மையாகும்படி திருத்தி, அதே அளவில் ஏனைய படங்களையும் திருத்துக.

3. படத்தை எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது நிற முறைக்கு மாற்றிச் சேமிக்க. 1996-இல் முன்மொழியப்பட்டு 1999-இல் பன்னாட்டுத் தரமான இம்முறையையே பெரும்பாலான திரைகள் சார்ந்துள்ளன.

4. விலை குறைந்த கைப்பேசி, விலை உயர்ந்த கைப்பேசி, கணினி ஆகிய மூன்றிலும் பக்கத்தைத் திறந்து, அசல் துணியை அருகில் வைத்து ஒப்பிடுக. இரவுக்கால ஒளிக்குறைப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தல் வேண்டும்.

5. வாங்குவோர் திரை நம் கையில் இல்லை. ஆகையால் நிறத்தைச் சொல்லாலும் எழுதுக. 'சிவப்பு' என்று நிறுத்தாது, 'அரக்கு. மாதுளை முத்தைவிடக் கறுத்தது' என எழுதுக. மொத்தமாக வாங்குவோர்க்கு நூல் மாதிரி அனுப்புதல் எல்லாவற்றினும் சிறந்தது.

தராசில் எடை குறையாதிருத்தல் நாணயம். படத்தில் நிறம் மிகாதிருத்தலும் நாணயமே. சேலையை உள்ளதினும் பளபளப்பாகக் காட்டி ஒருமுறை விற்கலாம்; மறுமுறை அவ்வாடிக்கையாளர் நம் சங்கத்தை நாடார்.

பயிற்சி வினாக்கள்

1. பக்கத்தின் நிறமும் படத்தின் நிறமும் ஒரே திரையில் வேறுபடுவதற்குக் காரணங்கள் யாவை?

2. கோர்வைச் சேலை படம் அமைப்போர்க்குக் கற்பிக்கும் பாடம் யாது?

3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு சேலையைச் சாம்பல், பச்சை, மஞ்சள் பின்னணிகளில் படமெடுத்து, தோன்றும் வேற்றுமையை அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் காட்டுக.