வாசல் இல்லாத கடை

கேள்வி: ஐயா, கலிஃபோர்னியாவில் ஈஸ்ட் பே பக்கம் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கீமோ போட்டுக்கொள்கிறார். வாந்தி அடங்குவதற்காக, டாக்டர் பரிந்துரைத்து, மருத்துவக் கஞ்சா எடுக்கிறார். எங்கள் ஊரில் கடை கிடையாது. இரண்டு தடவை நான்தான் பக்கத்து ஊருக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவர் மாதிரியே நாலைந்து பேர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது, கார் இருக்கிறது. கடையில் வாங்கி இவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு, தடவைக்கு 15 டாலர் வாங்கினால் என்ன? உரிமம் ஏதும் வேண்டுமா? கிரீன் கார்டு வந்து நாலு வருஷம் ஆகிறது.
- பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி கடைசி வரிதான். காரும் 15 டாலரும் அதற்கு அப்புறம்.

நோயாளிகளுக்குக் கஞ்சா கிடைக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மக்கள் 1996லேயே வாக்களித்துவிட்டார்கள். ஆனால் உங்கள் கிரீன் கார்டைக் கொடுத்தது மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோ இல்லை, வாஷிங்டன். அந்தச் சட்டப் புத்தகத்தில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். மாநில உரிமத்தோடு நடக்கும் கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்திருந்தால்கூட, குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தை இல்லை என்று முடிவெடுக்கலாம் என, 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை எழுத்திலேயே சொல்லியது. நீங்கள் அடுத்த வருடம் நிரப்பப்போகிற விண்ணப்பத்தில், இப்படிப்பட்ட பொருளை எப்போதாவது விற்றீர்களா, விநியோகித்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். இல்லை என்று எழுதினால் பொய் சொன்னதற்கு மாட்டிக்கொள்வீர்கள். இதற்குக் கோர்ட்டில் தண்டனை வாங்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்திலேயே இந்தப் பேச்சு எழலாம்.

கஞ்சாத் தொழிலுக்கு உரிம விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எவ்வளவு பணம் போடுவீர்கள் என்று அல்ல. பாஸ்போர்ட் எந்த நாடு என்று. அதனால் என் பதில், வேண்டாம். சொந்தமாகவும் வேண்டாம், இன்னொருவரிடம் சம்பளத்துக்கும் வேண்டாம்.

குடியுரிமை வந்த பிறகு? அப்போதும் நீங்கள் நினைக்கிற வடிவில் முடியாது. ஒரு கடையில் வாங்கி இன்னொருவர் வீட்டில் கொடுத்துக் காசு வாங்குவதற்கு இங்கே உரிமமே கிடையாது. உரிமம் கடைக்குத்தான். கொண்டுபோகிறவர் அந்தக் கடையின் சம்பளப் பட்டியலில் இருக்கும் ஆளாக, 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். உங்களுக்குப் பொருந்தக்கூடியது 'டைப் 9' என்ற உரிமம். கிடங்கு, கேமரா, அலாரம், கணக்கு எல்லாம் உள்ள முழுக் கடை அது. வாடிக்கையாளர் நுழைய வாசல் மட்டும் இருக்காது. விண்ணப்பத்துக்கு 1,000 டாலர். ஆண்டுக் கட்டணம் சின்ன வியாபாரத்துக்கே 2,500. அதற்கு மேல் 5,000 டாலருக்கு ஒரு பிணைப் பத்திரம். ஒவ்வொரு பொட்டலமும் மெட்ரிக் என்ற மாநிலக் கணக்கில் ஏற வேண்டும். நகராட்சி அனுமதி தனி. பல பேர் அங்கேதான் வருடக்கணக்கில் நிற்கிறார்கள். பெரிய அடி கூட்டாட்சி வருமான வரியில். 280இ பிரிவின்படி வாடகை, சம்பளம் போன்ற சாதாரணச் செலவுகளைக்கூடக் கழிக்க விடமாட்டார்கள். நஷ்டத்தில் ஓடுகிற கடை வரி கட்டும் விநோதத்தை நான் இந்தத் தொழிலில்தான் பார்த்தேன்.

போன வருடம் ஒரு டெலிவரி வண்டியில் அரை நாள் கூடவே போனேன். மூடிய கார், உள்ளே ஜிபிஎஸ், பூட்டிய பெட்டி. சைக்கிளும் ட்ரோனும் கூடாது. காலை 6 மணிக்கு முன்னும் இரவு 10 மணிக்குப் பின்னும் கூடாது. ஒரு வீட்டில் மூட்டுவாதம் முற்றிய ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். டெலிவரிப் பையன் அடையாள அட்டையைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கினான். பிறகு கிளம்பாமல் நின்றான். குழந்தைகள் திறக்க முடியாத மூடி என்பது சட்டம். அந்த அம்மாளாலும் திறக்க முடியாது. அழுத்தித் திருகி, திருகி, நாலாவது முயற்சியில்தான் திறந்தது. அதுவரை அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். காருக்கு வந்ததும், "போன தடவை சுத்தியலால் உடைத்தாராம்" என்றான்.

காசே வாங்காமல் உதவினால்? பராமரிப்பாளர் என்று சட்டத்தில் ஓர் இடம் உண்டுதான். ஆனால் நோயாளியின் இருப்பிடம், உடல்நலம் அல்லது பாதுகாப்புக்குத் தொடர்ந்து பொறுப்பேற்றிருப்பவரே அந்தப் பராமரிப்பாளர். கஞ்சா கொண்டுவந்து கொடுப்பதால் மட்டும் ஒருவர் அப்படி ஆகிவிட மாட்டார் என்று 2008ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 'பிரவுனி மேரி' என்று ஓர் அம்மையார் இருந்தார். எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கஞ்சா கலந்த பிரவுனி சுட்டு இலவசமாகக் கொடுத்தவர். கஞ்சா வழக்குகளில் மூன்று முறை கைதானார். நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்க வழி செய்யும் 2019ஆம் வருடச் சட்டம் அவர் பெயரைத் தாங்குகிறது. அந்தச் சட்டத்திலும் இலவசக் கஞ்சா உரிமம் பெற்றவர் கை வழியாகத்தான் போக வேண்டும்.

சரி, பாட்டிக்கு என்ன செய்யலாம்? உங்கள் ஊரில் கடை இல்லாவிட்டாலும் வெளியூர்க் கடை அவர் வீட்டுக்கே கொண்டுவந்து தரலாம். நோயாளிகளுக்கான டெலிவரியை எந்த நகராட்சியும் தடுக்கக் கூடாது என்று 2024 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. கடைக்கு உரிமம் இருக்கிறதா என்று மாநிலக் கஞ்சாக் கட்டுப்பாட்டுத் துறையின் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிட்டு போன் செய்யச் சொல்லுங்கள். அவரிடம் டாக்டர் கடிதம் மட்டும் இருந்தால் விற்பனை வரி விழும். கவுண்டி சுகாதாரத் துறை தரும் மருத்துவ அட்டை இருந்தால் அந்த வரி இல்லை. அட்டைக்குக் கட்டணம் 100 டாலரைத் தாண்டாது. மெடி-கேல் என்ற, குறைந்த வருமானத்தினருக்கான மாநில மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்குப் பாதி. கவுண்டி ஆபீசுக்குத் தாராளமாக உங்கள் காரிலேயே கூட்டிப் போங்கள்.

இன்னொன்றையும் அவர் தன் புற்றுநோய் டாக்டரிடம் கேட்கலாம். ட்ரோனபினால் என்று ஒரு மருந்து உண்டு. கஞ்சாவில் உள்ள டிஎச்சியைச் செயற்கையாகச் செய்தது. மற்ற மருந்துக்கு அடங்காத கீமோ வாந்திக்கு 1985லேயே கூட்டாட்சி அனுமதி பெற்றது. சாதாரண மருந்துச் சீட்டு போதும். டாக்டர் அதை எழுதிக் கொடுத்தால், தெருமுக்கு ஃபார்மசியில் நீங்களே வாங்கி வந்து கொடுக்கலாம்.