சம்பா அறுக்கும் முன்பே மிளகாய் நாற்று

கேள்வி: சம்பா அறுப்பு முடிந்ததும் போர் தண்ணீரில் மிளகாய் போட நினைக்கிறேன். நாற்று எப்போது விடலாம்? மார்கழிப் பனியில் விதை முளைக்குமா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: அறுப்பு வரை காத்திருக்காதீர்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். ஜூனில் குறுவை வந்து நிற்கும். இடைப்பட்ட நாலரை மாதத்தில் 40 நாளை நாற்றங்காலுக்கே கொடுத்துவிட்டால் காய் பறிக்க நாள் ஏது? மார்கழி முதல் வாரமே வீட்டுத் தாழ்வாரத்தில் விதையுங்கள்.

குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போடுங்கள். விதை நேர்த்திக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி போதும். மிளகாய் விதை கதகதப்பு கேட்கும். அதனால் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடுங்கள். ஆறாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். கொண்டை ஊசி போல வளைந்த வெள்ளைத் தண்டு தெரிந்த அன்றே பிரித்து நிழல்வலைக்கு மாற்றிவிட வேண்டும். தாமதித்தால் நாற்று வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்துவிடும்.

பூவாளியால் காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று நாற்றழுகல் வரும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே வெயிலுக்குப் பழக்குங்கள். நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் மிளகாய் தாங்காது. பார் பிடித்து நடுங்கள்.