வழித்துணை

பாலாற்றங்கரையில் அமைந்த பழம்பதி விரிஞ்சிபுரம். மதிலழகுக்குப் பெயர்பெற்ற அவ்வூர்த் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கு மார்க்கபந்தீசுவரர் என்பது திருப்பெயர். வழித்துணைநாதர் என்று தமிழில் வழங்குவர். மிளகுப் பொதிகளுடன் காஞ்சிக்குப் புறப்பட்ட வணிகர் ஒருவர் கள்வர்க்கு அஞ்சி வேண்ட, இறைவன் வீரன் வடிவில் உடன்சென்று காத்தருளினான் என்பது தலவரலாறு. அறியாத வழியிற் செல்வோர்க்கு, வழியறிந்தார் துணை எத்துணை இன்றியமையாதது என்பதை அக்கதை உணர்த்தும். அவ்வுண்மையை எங்கள் ஊர் மாணவர் சிலர் ஒரு காட்டினிடையே நேரிற் கண்டனர். அவர்களுக்குத் துணையாகச் சென்ற யான் அதனை ஈண்டுக் கூறுவேன்.

மாசித் திங்களில் ஒரு நாள், மாணவர் பன்னிருவரும் ஆசிரியர் இருவருமாகப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, காட்பாடியிற் புகைவண்டி ஏறினோம். ஆற்றில் நீர் இல்லை. கரைக்குக் கரை மணலே கிடந்தது. கோயம்புத்தூர் சென்று, பொள்ளாச்சி வழியாகச் சேத்துமடையை அடைந்து, அங்கிருந்து மலையேறி ஆனைமலையிலுள்ள டாப்சிலிப் என்னும் இடத்தைச் சேர்ந்தோம். முற்காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவிற் சறுக்கி விட்டமையால் அவ்விடம் அப்பெயர் பெற்றது. ஆனைமலைக் காடு 1976 ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007 ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றது. அக்காடு அடங்கிய மேற்குத் தொடர்ச்சி மலையை 2012 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

வனத்துறையாரின் இசைவு பெற்று, மறுநாள் விடியற்காலையில் கரியன் சோலைக்குப் புறப்பட்டோம். எங்களுக்கு வழிகாட்டியாகக் காடர் குலத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். காடர் என்போர் ஆனைமலையின் தொல்குடியினர். தேனும் குங்கிலியமும் பிற வனப்பொருள்களும் தேடி வாழ்ந்தவர். அப்பெரியவர் எங்களை வரிசையாக நிறுத்தி, "உரக்கப் பேசாதீர்கள், நான் நின்றால் நில்லுங்கள், நான் திரும்பு என்றால் ஏன் என்று கேளாமல் திரும்புங்கள்" என்று மூன்று கட்டளைகள் இட்டார். பிறகு முன்னே நடந்தார்.

முதலில் தேக்கங்காட்டைக் கடந்தோம். அது மாசி மாதமாதலால் தேக்கு இலையுதிர்த்து நின்றது. காலடியிற் சருகு நொறுங்கிய ஓசை வெகுதூரம் கேட்டது. வழியோரத்து மரத்தினடியிற் கிடந்த வரியோடிய காய் ஒன்றைப் பெரியவர் எடுத்து, "இது கடுக்காய். எங்கள் முன்னோர் காலந்தொட்டுப் பொறுக்கி விற்கின்றோம். வாங்குவோர் எங்குக் கொண்டு செல்கின்றனர் என்று நான் கண்டதில்லை" என்றார். உடனே மாணவன் ஒருவன், "ஐயா, எங்கள் பக்கத்திற்குத்தான் அது வரும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோலைப் பதனிடுவர். என் தந்தை தோல் பதனிடும் தொழிலாளர்" என்றான். பெரியவர் அவனைக் கூர்ந்து நோக்கி, "அப்படியானால் நாம் இருவரும் ஒரு தொழிலின் இரு முனையில் இருக்கின்றோம், தம்பி" என்று கூறி நகைத்தார்.

தேக்கங்காடு முடிந்தது, சோலை தொடங்கியது. வெயிலிலிருந்து கருவறைக்குள் நுழைந்தாற்போல் கண் இருண்டது, உடல் குளிர்ந்தது. ஓங்கிய மரங்கள் வானத்தை மூடி நின்றன. அவற்றின் கீழ் நடுத்தர மரங்களும், அவற்றின் கீழ்ச் சிறுமரங்களும், தரையிற் பெரணியும் பாசியுமாக, மழைக்காடு மாடமாளிகைபோல் அடுக்கடுக்காக அமைந்துள்ளது. ஒவ்வோர் அடுக்கிலும் வெவ்வேறு உயிர்கள் குடியிருக்கின்றன. மரமொன்றைப் பற்றி ஏறியிருந்த கொடியைக் காட்டி, "இது மிளகு. நம் ஊர்க் கதையில் வரும் மிளகின் தாயகம் இத்தகைய மலைக்காடுகளே" என்று யான் கூறினேன். மாணவர் அதனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தனர்.

சற்றுத் தொலைவில் மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டது. நீர்நிலை நோக்கிச் செல்லும் சிறுவன் எவனோ விளையாட்டாக ஊதுகின்றான் என எண்ணினோம். "அது சீகாரப் பூங்குருவி. ஓடை அருகில் உள்ளது என்பதை அதன் குரலே சொல்லும்" என்றார் பெரியவர். அவர் சொன்னவாறே ஓடையும் வந்தது. மாசி வெயிலிலும் அதில் தெளிந்த நீர் சலசலத்து ஓடியது! "மழை பெய்து பல நாளாயிற்றே, இந்நீர் எங்கிருந்து வருகின்றது?" என மாணவி ஒருத்தி வினவினாள். பெரியவர் தரையிலிருந்த இலைமக்கை ஒரு பிடி அள்ளிப் பிழிந்து காட்டினார்; விரலிடையில் ஈரம் கசிந்தது. சோலையின் இலைகள் மழைத்தாரையின் வேகத்தைத் தணிக்கின்றன. இலைமக்கும் வேரும் நீரை உறிஞ்சி மண்ணுள் இறக்குகின்றன. மண் அதனைச் சிறிது சிறிதாக ஓடைக்கு ஈகின்றது. செல்வத்தை ஒரே நாளிற் செலவிடாத நல்லறிஞன் போன்றது மழைக்காடு.

ஓடைக்கரையில் மரகதப்புறா ஒன்று உதிர்ந்த விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அதன் சிறகின் பச்சை, பெயருக்கேற்ப ஒளிர்ந்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை அதுவே எனப் பாடத்திற் படித்த மாணவர் அதனை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். வாலின் இருபுறமும் துடுப்புப் போன்ற இறகுகள் நீண்ட கரிச்சான் ஒன்று, பிற பறவைகளின் குரல்களை ஒவ்வொன்றாகப் பேசிக்காட்டியது. மேலே வெடிப்பலா மரத்தில் சோலைமந்திகள் இருந்தன. கரிய உடலும், முகத்தைச் சூழ்ந்த நரைத்த பிடரியும், சிங்கத்தின் வால்போல் நுனியிற் குஞ்சம் கொண்ட வாலும் உடைய இவை, உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மரக்கிளை வழியே வாழும் இவற்றிற்குக் காடு துண்டுபட்டால் வாழ்வும் துண்டுபடும். அதனாலன்றோ வால்பாறையில் சாலையின் குறுக்கே மரத்திற்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியுள்ளனர்!

நிற்க. நாங்கள் காண விழைந்த பறவை இன்னும் எதிர்ப்படவில்லை. அதுவே மலை இருவாட்சி. அலகின்மேல் மற்றோர் அலகை வைத்தாற்போன்ற மஞ்சட் கொண்டையும், விரித்தால் ஏறத்தாழ ஐந்தடி அகலும் சிறகுகளும் உடையது. அதன் இல்வாழ்க்கை வியக்கத்தக்கது. பேடை முதுமரப் பொந்தினுட் புகுந்து, வாயிலைத் தன் எச்சத்தாலும் பிறவற்றாலும் அடைத்து, அலகு நுழையும் அளவே பிளவு விட்டு, உள்ளேயே இருந்து அடைகாக்கும். சேவலோ அத்திப்பழம் முதலியவற்றைக் கொணர்ந்து, அப்பிளவின் வழியாக ஒவ்வொன்றாக ஊட்டும். வாரங்கள் பல கழிந்து பேடை வெளிவரும்வரை அக்குடும்பத்தின் உயிர் சேவலின் சிறகில் தங்கியுள்ளது.

பெரியவர் கைகாட்டிய இடத்தில், நெடுமரமொன்றின் உயரத்திற் பொந்து தெரிந்தது. நாங்கள் தொலைவிலேயே மறைந்து நின்றோம். சிறிது நேரத்திற் புகைவண்டி விரைவது போன்ற சிறகோசையுடன் சேவல் வந்தது. ஆயின் பொந்தை அணுகாமல் அடுத்த மரத்தில் அமர்ந்து, எங்கள் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. படம் எடுக்க விரும்பிய மாணவன் ஒருவன் ஓரடி முன்வைத்தான். சேவல் எழுந்து அப்பாற் சென்று அமர்ந்தது.

பெரியவர், "திரும்புவோம்" என்றார்.

"இன்னும் சிறிது நேரம் நிற்கலாகாதா, ஐயா? நெடுந்தொலைவிலிருந்து வந்தோமே!" என்று அம்மாணவன் கெஞ்சினான்.

"தம்பி, நீ வந்த தொலைவு அதற்குத் தெரியாது. நாம் நிற்கும்வரை அது உணவு கொடுக்காது. உள்ளே பசியோடு தாய் இருக்கின்றாள்" என்றார் பெரியவர்.

மாணவன் தலைகுனிந்தான், பின்னர்த் தானே முதலிற் திரும்பினான். ஒருவரும் பேசவில்லை. நூறடி சென்றிருப்போம்; பின்னால் மீண்டும் அச்சிறகோசை எழுந்து, பொந்திருந்த திசையில் அடங்கியது. பெரியவர் புன்னகை செய்தார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் மேலும் ஒன்று கூறினார். அண்டையிலுள்ள கேரளத்து வாழச்சால் காட்டில், முன்னாளில் இருவாட்சிக் குஞ்சுகளை உணவிற்காக எடுத்த காடர்களே இன்று கூடுகளைக் காக்கும் காவலராக உள்ளனராம். இருவாட்சி விழுங்கும் பழங்களின் விதைகள் தாய்மரத்திற்கு நெடுந்தொலைவில் விழுந்து முளைக்கின்றன. பறவை அழிந்தால் பல மரங்கள் குறையும். மரங்கள் குறைந்தால் ஓடை வற்றும். பழக்கம் தீதென்று அறிந்தவிடத்து அதனை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

ஊர் திரும்பியபோது பாலாற்றுப் பாலத்தில் மீண்டும் நின்றோம். இந்த ஆற்றையும் நாம் காக்கவில்லை. பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட தொழிலிற் குரோமிய உப்பு புகுந்தது. கழிவுநீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. மக்கள் தொடுத்த வழக்கில், மாசு செய்வோரே அதற்குரிய ஈடு தரல் வேண்டும் என 1996 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில் பல்லாயிரவர்க்குச் சோறு தருவது; ஆறு அனைவர்க்கும் உயிர் தருவது. இரண்டையும் காப்பதே வருங்காலத்தார் கடமை.

கடுக்காயை அடையாளம் கண்ட மாணவன் மணலை நோக்கியவாறு, "அந்தப் பெரியவரை நம் ஊருக்கு அழைத்தால், இந்த ஆற்றைக் காட்ட வெட்கமாக இருக்கும், ஐயா" என்றான். யான் மறுமொழி கூறவில்லை. அவ்வெட்கமே அவனுக்கு நல்ல வழித்துணையாகும் என்று எண்ணிக்கொண்டேன்.

பயிற்சி

1. கோடையிலும் சோலையின் ஓடையில் நீர் ஓடுவதற்குக் காரணம் யாது?
2. இருவாட்சியின் இல்வாழ்க்கையை விளக்குக.
3. "ஒரு தொழிலின் இரு முனையில் இருக்கின்றோம்" என்று கூறியவர் யார்? ஏன் கூறினார்?
4. நும் ஊரிலுள்ள நீர்நிலை ஒன்றின் நிலையைக் கண்டறிந்து ஒரு கட்டுரை வரைக.