வீட்டுத் தையலும் உபபோக வரையறையும்

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்றாகப் போக உபபோக பரிமாணம் கூறப்படுகிறது. ஒரு முறை நுகர்ந்து தீர்வது போகம். மீண்டும் மீண்டும் நுகர்தற்குரியது உபபோகம். முன்னதற்கு உணவும் பின்னதற்கு ஆடையும் அங்கே எடுத்துக்காட்டுகள். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் பலரும் ஓதியிருப்பர். ஆயினும், ஆடை உபபோகப் பொருள் என்பதை நாம் ஏறக்குறைய மறந்தே விட்டோம். ஒரு திருமணத்திற்காகச் சிறுமிக்கு எடுத்த பாவாடை இரண்டு முறை உடுத்தப்பெற்று, மூன்றாம் முறை கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டதென்று பெட்டிக்குள் போய்விடுகிறது. இதனைப் போகம் என்றுதானே சொல்லவேண்டும்?

அண்மைக் காலத்தில் இளம்பெண்களுக்குப் பழைய பாணி உடைகளின் மேல் விருப்பம் திரும்பியிருக்கிறது. பஃப் கை வைத்த ரவிக்கை, டக் பிடித்த பாவாடை, துணிப் பொத்தான், சுருக்குப் பை ஆகியவற்றைத் தாமே வீட்டில் தைக்க முற்படுகிறார்கள். மகிழ்ச்சிக்குரியதே. எனினும், அவ்வழகுகளில் பல சிக்கனக் கணக்கிலிருந்து பிறந்தவை என்பதை அவர்களுக்குச் சொல்லித்தரும் கடமை மூத்தோராகிய நமக்கு உண்டு. நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் தையல் ஒரு பாடம். முதலில் காகிதத்தில் வெட்டிக் காட்டிய பின்னரே துணியைத் தொட விடுவார்கள். அம்முறையிலேயே இங்கும் தொடங்குவோம்.

ஏழெட்டு வயதுச் சிறுமிக்கு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை 26 அங்குலம் என்று கொள்வோம். இடுப்புப் பட்டியுடன் மூட்ட 1 அங்குலம். டக் ஒன்று 1 அங்குல ஆழமாயின் அது 2 அங்குலத் துணியை உள்ளே வாங்கிக்கொள்ளும்; மூன்று டக்குக்கு 6 அங்குலம். ஆக 33 அங்குலம் வேண்டும். பாட்டியின் பழைய பருத்திப் புடவை ஏறக்குறைய 45 அங்குல அகலமிருக்கும். புடவையின் கரை பாவாடையின் அடியில் வருமாறு, புடவை நீளவாட்டில் 2 கஜம் எடுத்துக்கொண்டு, கரையிலிருந்து 33 அங்குலத்தில் நேர்க்கோடாக வெட்டவேண்டும். கரை கீழே இருப்பதால் ஓரம் மடித்துத் தைக்கும் வேலையில்லை. மேலே எஞ்சும் 12 அங்குலப் பட்டையில் இடுப்புப் பட்டியும் நாடாவும் ரவிக்கையின் கைகளும் தேறும். பழம்புடவையில் முன்கொசுவம் வந்த பகுதி நைந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அப்பகுதியைத் தவிர்த்துவிடுக.

டக்குகளைக் கரைக்குச் சற்று மேலே ஒன்றன்மேல் ஒன்றாக, சமமான இடைவெளி விட்டுப் பிடிக்கவேண்டும். இயந்திரத்தில் நெருக்கமாகத் தைத்தால் பிரிக்கும்போது துணியில் துளை வரிசை நிற்கும். கையால் ஓட்டுத் தையல் போடுவதே நன்று. இயந்திரந்தான் என்றால் தையல் நீளத்தை மிகுதியாக வைத்துக்கொள்க. குழந்தை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் 2 அங்குலம் நீளும். பிரித்த இடத்தில் வெளுக்காத கோடு ஒன்று தெரியும். அதன்மேல் சங்கிலித் தையலோ வண்ண நாடாவோ ஓட்டி மறைப்பார்கள். பழைய புகைப்படங்களில் பாவாடையின் அடிப்பகுதியில் வரிவரியாக நாடா ஓடியிருப்பதைப் பார்த்தால் இதனை நினைத்துக்கொள்ளலாம்.

ரவிக்கைக்கும் இதே நெறிதான். பக்க மூட்டில் ஒன்றரை அங்குலம் உள்ளே விடுக. பஃப் கைக்குக் கையின் மேல்வளைவை வழக்கத்தினும் 4 அங்குலம் அகலமாக வெட்டி, நடுப்பகுதியில் மட்டும் இரட்டை ஓட்டுத் தையல் ஓட்டி இழுத்துச் சுருக்கவேண்டும். அக்குள் பக்கம் சுருக்கம் வரலாகாது.

இனிப் பொத்தான். பழமை என்பதனாலேயே எல்லாம் தூயதாகிவிடாது. பளபளக்கும் பழைய முத்துப் பொத்தான்கள் சிப்பி ஓட்டில் கடைந்தவை. கொம்பிலும் எலும்பிலும் செய்தவையும் உண்டு. நாமே அறியாமல் பெயர்த்தியின் சட்டைக்கு ஒரு டஜன் சிப்பிப் பொத்தான் வாங்கித் தைத்துவிட்டுப் பிறகு பிரித்திருக்கிறோம். நெகிழிப் பொத்தானோ பழைய உடையில் ஒட்டாது. பரமத்தி வேலூரில் வாழும் நமக்கு மாற்றுத் தேடி அலைய வேண்டியதில்லை. காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் தென்னையும் சூழ்ந்த ஊர் இது. தேங்காய் ஓட்டில் அழகிய பொத்தான்கள் செய்யலாம். அதுவும் இயலாதவர்கள் ஒன்றரை அங்குல வட்டத் துணியின் விளிம்பில் நூலோட்டி, உள்ளே துணுக்குத் துணியைத் திணித்து இறுக்கினால் உருண்டைப் பொத்தான் ஆயிற்று. காஜாவுக்குப் பதிலாக நூல் வளையம் போதும்.

பட்டைப் பற்றிக் கேட்பவர்களே மிகுதி. ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஆயிரக்கணக்கான கூடுகளை உயிருள்ள புழுக்களோடு வெந்நீரிலோ நீராவியிலோ இடுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டே ஜினாலயத்திற்குப் பட்டுடுத்திச் செல்வது நமக்கு ஒப்பவில்லை. ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராயிருந்த காலத்தில் (1987–1992) அவருடைய துணைவியார் ஜானகி வெங்கட்ராமன், புழுவைக் கொல்லாத பட்டுப் புடவை கிடைக்குமா என்று ஆந்திரத்தில் வினவினார். அவ்வினாவே அங்குக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜையாவைத் தூண்டியது. அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய பின்னர் எஞ்சும் கூட்டிலிருந்து அவர் நூல் எடுத்தார். துளைபட்ட கூட்டில் இழை அறுந்துவிடுவதால் பஞ்சுபோல நூற்கவேண்டும். பளபளப்புச் சற்றுக் குறைவு. அகிம்சைப் பட்டு என்று விற்கப்படுவது இதுவே. விலை அதிகம், எனவே, பருத்தியே போதுமென்பது நம் கருத்து.

அப்படியானால் பெட்டியிலுள்ள பாட்டியின் கூறைப்பட்டை என்செய்வது? எறிவதால் எவ்வுயிரும் மீளாது. அதைப் புதிய பட்டின் ஆசையை வளர்க்கும் ஆடையாக்காமல், நகைப்பெட்டிக்கு உறையாகவோ, தோல் பைக்கு மாற்றான சுருக்குப் பையாகவோ தைத்துக்கொள்ளலாம் என்று நாம் சொல்லிவருகிறோம். இதனை ஏற்காத பெரியோரும் நம்மிடையே உளர்; அவர்கள் வாதத்திலும் வலுவுண்டு.

ஒன்றில் மட்டும் பழந்துணி கூடாது. அது நீர் வடிகட்டும் துணி. நைந்த இழைகளின் இடைவெளியில் நுண்ணுயிர்கள் கடந்துவிடும். 36 விரல் நீளமும் 24 விரல் அகலமுமான கெட்டியான புதுப் பருத்தித் துணியை இரட்டையாக மடித்துப் பயன்படுத்துவது மரபு. ஆற்றுக்கு அப்பால் கரூரில் நெய்யப்படும் துவாலைத் துணிகளில் நெருக்கமான நெசவாகப் பார்த்து வாங்குக. கஞ்சி போக இரு முறை அலசிய பின்னரே அளந்து வெட்டவேண்டும்; இல்லையேல் நனைந்ததும் சுருங்கி அளவு குறைந்துவிடும். நான்கு ஓரமும் இரட்டை மடிப்பாக மடித்துத் தைத்து, ஒரு மூலையில் வண்ண நூலால் சிறு குறி இடுக. வடிகட்டும்போது எப்பக்கம் மேலே இருந்தது என்று தெரிந்தால்தான், தங்கிய உயிர்களை அப்பக்கமாகவே நீர் வார்த்து, எடுத்த நீர்நிலையிலேயே மெல்லச் சேர்க்கமுடியும்.