இருட்டுவதற்குள் ஒரு கை தீனி

தங்கச்சி, போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "அக்கா, மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசந்து எழுந்தா ராத்திரியாயிடுது. எனக்கு இங்க பிடிக்கவே இல்ல." பதினோரு வருஷத்துக்கு முன்னால், லண்டன் ஹாரோவில் ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, இதே வார்த்தைகளை அம்மாவிடம் சொல்லி நானும் அழுதிருக்கிறேன். டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் சூரியன் காலை 8 மணிக்கு மேல்தான் எழும்பும், மாலை 4 மணிக்குள் இறங்கிவிடும். எட்டு மணி நேரப் பகல்கூட முழுசாக இல்லை. நாகர்கோவில் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இது பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

என்னை அந்த முதல் டிசம்பரிலிருந்து தூக்கி நிறுத்தியவை தோட்டத்துப் பறவைகள். அதனால் உனக்குச் சொல்ல நினைக்கும் முதல் டிப்ஸ் இதுதான்: காலையில் வெளிச்சம் வரும்போது ஒரு தடவை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, பின்கதவைத் திறந்து பறவைகளுக்குத் தீனி வை. மற்ற வீட்டு வேலைகளை இந்த இரண்டு நேரத்தையும் சுற்றி அடுக்கிக்கொள்.

ஏன் அந்த இரண்டு நேரம் என்று கேட்பாய். புளூ டிட் என்று நீலமும் மஞ்சளுமாக ஒரு குட்டிப் பறவை வரும். அதன் எடையே 11 கிராம்தான். பகலில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் பதினாறு மணி நேர ராத்திரியை அது தாண்டியாக வேண்டும். விடியும்போது வயிறு காய்ந்து, உடம்பு இளைத்து நிற்கும். அப்போது கையெட்டும் இடத்தில் தீனி இருந்தால் தேடி அலையும் சக்தி மிச்சம். மத்தியானம் வைப்பது அடுத்த ராத்திரிக்கான சேமிப்பு. இது புரிந்த பிறகு காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடக்க எனக்கு மனசே வரவில்லை.

தீனிக்கென்று பெரிய செலவு வேண்டாம். தேங்காய் துருவியதும் தூக்கிப் போடும் சிரட்டையே போதும். கண் இருக்கும் பாதியில் துளை போட்டுக் கயிற்றைக் கோத்து, உள்பக்கம் முடிச்சிடு. பன்றிக்கொழுப்போ சூயட் என்கிற மாட்டுக்கொழுப்போ ஒரு பங்கு எடுத்து மெல்லிய தீயில் உருக்கு. (மாட்டுக்கொழுப்பு வேண்டாம் என்கிற வீடுகளுக்குக் வெஜிடபிள் சூயட் என்றே கடையில் தனியாகக் கிடைக்கிறது.) அதில் இரண்டு பங்கு உலர்ந்த கலவையைச் சேர்: வேகவைக்காத ஓட்ஸ், தோல் நீக்கிய சூரியகாந்தி விதை, உப்பில்லாத வேர்க்கடலை பொடியாக நறுக்கியது, கொஞ்சம் துருவிய சீஸ். சிரட்டையில் அழுத்தி நிரப்பி, ஒரு ராத்திரி குளிரில் வைத்தால் கல்லாக இறுகிவிடும். மறுநாள் கவிழ்த்துத் தொங்கவிடு. டிட் தலைகீழாகப் பற்றிக்கொண்டு கொத்துவதைப் பார்க்கும்போது உனக்கே சிரிப்பு வரும்.

தேங்காய் என்றதும் ஒரு எச்சரிக்கை. சிரட்டையில் ஒட்டியிருக்கும் பச்சைத் தேங்காயைப் பறவை கொத்தலாம். பாக்கெட்டில் வரும் உலர்ந்த தேங்காய்த்துருவலை மட்டும் வைக்காதே, வயிற்றுக்குள் போய் ஊதிக்கொள்ளும். உப்புக் கடலை, முறுக்கு, மிக்சர் எதுவும் கூடாது. கிறிஸ்துமஸ் அன்று வான்கோழி வறுத்த தட்டில் தேங்கும் கொழுப்பும் கூடாது. அது இறுகாது, உப்பும் மசாலாவும் கலந்திருக்கும். சிறகில் ஒட்டிக்கொண்டால் குளிரையும் ஈரத்தையும் தடுக்கும் சக்தி அந்தச் சிறகுக்குப் போய்விடும்.

நம் வீட்டுச் சோறு வைக்கலாம். உப்புப் போடாமல் கஞ்சி வடித்து ஆக்குகிறோம் அல்லவா, அந்தச் சோறு இந்த ஊர்ப் பறவைகளுக்கும் ஒத்துக்கொள்கிறது. அம்மா அடுக்களைப் படியில் நின்று காக்காய்க்கு ஒரு உருண்டை வீசுவாளே, அதே அளவு போதும். நான் முதல் வருஷம் ஆசையில் ஒரு குண்டான் சோற்றைப் புல்தரையில் கொட்டிவிட்டேன். இரண்டாம் நாளே எலி வந்தது. தரையில் போடுவதை வெளிச்சம் போவதற்குள் தின்று தீர்க்கிற அளவுக்குத்தான் போட வேண்டும்.

எங்கே தொங்கவிடுவது என்பதும் முக்கியம். பூனை பதுங்கக்கூடிய புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில் என்றால் கண்ணாடியை ஒட்டியே வை, ஒரு மீட்டருக்குள். அவ்வளவு கிட்டத்திலிருந்து கிளம்பும் பறவைக்கு வேகம் பிடிக்காது, மோதினாலும் பலமாக அடிபடாது. தோட்டமே இல்லாத ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குக் கண்ணாடியில் ஒட்டும் தீனிக் கூண்டு இருக்கிறது. கடையில் பச்சை வலைக்குள் போட்டு விற்கும் கொழுப்பு உருண்டையை வாங்கினால் வலையைக் கிழித்துவிட்டு உருண்டையை மட்டும் வை. கால் சிக்கிக்கொண்டால் அந்தக் குருவி தப்பாது.

இனி சொல்வதைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதே. வாரம் ஒரு தடவை தீனிக் கூண்டைக் கழுவு. கிரீன்ஃபிஞ்ச் என்றொரு அழகான பச்சைப் பறவை இந்த ஊர்த் தோட்டங்களில் சாதாரணமாக வந்துகொண்டிருந்தது. டிரைக்கோமோனோசிஸ் என்கிற தொண்டை நோய் 2005 வாக்கில் இவற்றிடையே பரவத் தொடங்கி, 2021-இல் கிரீன்ஃபிஞ்சை ஆபத்திலிருக்கும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கும் நிலை வந்துவிட்டது. நோய் வந்த பறவையின் எச்சில் பட்ட தீனியை இன்னொன்று தின்றால் போதும், தொற்றிக்கொள்ளும். அதனால் தட்டையான பலகையில் தீனியைக் கொட்டி வைக்கும் பழக்கமே வேண்டாம். தொங்கும் கூண்டுதான் நல்லது. கழுவுவதற்கென்று ஒரு வாளி, ஒரு பிரஷ், ஒரு ஜோடி கையுறை தனியாக வெளியே வை. சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுவராதே. நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி நிரப்பு. உடம்பை உப்பிக்கொண்டு, அலகைச் சுற்றித் தீனி ஒட்டி, அசையாமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் தீனியையும் தண்ணீரையும் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்திவிடு. நிறுத்தத்தான் மனசு கேட்காது. ஆனாலும் நிறுத்து.

தண்ணீரைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆழமில்லாத தட்டில் தினம் மாற்று. உறைந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டியை எடுத்துவிடு. உப்பு போட்டு உருக்க நினைக்காதே.

இப்போது என் ராபினைப் பற்றிச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் இருக்குமே, செம்மார்புக் குருவி, அதுதான். விக்டோரியா காலத்துத் தபால்காரர்கள் சிவப்புச் சட்டை போட்டிருந்ததால் அவர்களையே மக்கள் ராபின் என்று கூப்பிட்டார்கள். வாழ்த்து கொண்டுவந்த ராபின், வாழ்த்து அட்டைக்குள்ளேயே போய் உட்கார்ந்தது அப்படித்தான்.

என் சமையலறை ஜன்னல் விளிம்பில் அது காலையில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். அதன் கண் உடம்புக்குப் பெரியது, அரை இருட்டிலேயே இரை தேடத் தெரியும். நான் அடுப்பில் டீயை வைத்துவிட்டுத் திரும்பினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிற்கும். கால் ஈர்க்குச்சி மாதிரி. மார்பு சிவப்பே இல்லை, பழுத்த ஆரஞ்சு, அதன் ஓரத்தில் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு மெல்லிய கரை. குளிரில் இறகையெல்லாம் உப்பிப் பந்தாக நிற்பதால் கொழுகொழுவென்று தெரியும். நிஜத்தில் அதன் எடை சுமார் 18 கிராம்தான். ஒரு தடவை தலையைச் சாய்த்துப் பார்க்கும், இன்னொரு தடவை முழங்காலை மடக்கிப் படக்கென்று குனிந்து நிமிரும். வெளியே ஊறவைத்த புழுத்தீனி நாலு போட்டதும் இறங்கி வரும்.

குளிர்காலத்திலும் பாட்டை நிறுத்தாத பறவை அது. ஆணும் பெண்ணும் தனித்தனி எல்லை பிரித்துக்கொண்டு, இரண்டுமே பாடும். ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று வந்தால் சண்டைதான். டிசம்பர் கடைசியில் பார், இத்தனை நாள் துரத்திய இரண்டு ராபின்கள் ஒரே தோட்டத்தில் சேர்ந்து மேய ஆரம்பிக்கும். ஜோடி சேரும் காலம் அப்போதே தொடங்கிவிடுகிறது. முன்வாசலில் தொங்கவிடும் சீரியல் விளக்கைப் படுக்கப் போகும்போது அணைத்துவிடு. வெளிச்சம் இருந்தால் ராபின் விடிந்துவிட்டதென்று நடு ராத்திரியில் பாடும்.

தோட்டத்தைப் பெருக்கித் துடைத்தது மாதிரி வைக்கும் ஆசையையும் கிறிஸ்துமஸ் வரை தள்ளிப்போடு. உதிர்ந்த இலையைப் புரட்டித்தான் பிளாக்பேர்டு என்கிற பறவை புழு எடுக்கிறது. அவற்றில் சில நார்வே, ஸ்வீடன் பக்கத்திலிருந்து குளிருக்குத் தப்பி வந்தவை. வேலியில் ஹோலி, ஐவி, கொட்டோனியாஸ்டர் காய்த்திருந்தால் கத்தரிக்காதே, அலங்காரத்துக்கு ஒரு கிளை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவை. மரத்தில் கூட்டுப் பெட்டி இருந்தால் கழற்ற வேண்டாம். ரென் என்கிற பறவை ஒரு பவுண்டு நாணயத்தின் எடைதான் இருக்கும். குளிர் கடுமையான ராத்திரிகளில் அவை பெட்டிக்குள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தூங்கும். 1969-இல் நார்ஃபோக்கில் ஒரே பெட்டிக்குள் 61 ரென்களை எண்ணியிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வருவோம். மத்தியானத் தீனி வைத்துத் திரும்பியதும் என் கை செய்யும் வேலை சிலது. இருட்ட ஆரம்பித்ததும் எல்லாத் திரைச்சீலையும் மூடு, ஜன்னல் வழியாகவும் சூடு போகிறது. திரை ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கக் கூடாது, ஜன்னல் விளிம்பின் மேல் மடித்து விடு. ரேடியேட்டர் கீழே சூடாகவும் மேலே சில்லென்றும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சூட்டை அணைத்து ஆறவிட்டு, அதற்கென்று விற்கும் சின்னச் சாவியால் மேல் மூலைத் திருகைக் கொஞ்சம் திற, உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் சொட்டியதும் மூடிவிடு.

நம் சமையலில் ஆவி அதிகம். இட்லி, சாம்பார், சோறு என்று அடுப்பு ஓயாது. குளிருக்குப் பயந்து ஜன்னல் சட்டத்தின் மேலிருக்கும் காற்றுத்துளைகளை நான் டேப் போட்டு மூடி, துணியையும் ரேடியேட்டர் மேலேயே காயப்போட்டேன். ஜனவரியில் அலமாரியை நகர்த்தினால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. குழந்தைக்கு இருமல் வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. சமைக்கும்போது மூடி போடு, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடு, முடித்ததும் பத்து நிமிஷம் ஜன்னலைத் திற. அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் நான் வெளியே போய்த் தீனி வைத்துவிட்டு வருகிறேன்.

முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கும் நாள், அச்சு முறுக்கு சுடும் நாள் இரண்டையும் 22-ஆம் தேதிக்குள் முடித்துவிடு. 25-ஆம் தேதி லண்டனில் ரயில், பஸ் ஓடாது, பெரிய கடைகள் திறக்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. பால், கொத்தமல்லி, பறவை விதை மூன்றும் 23-ஆம் தேதியே வீட்டில் இருக்கட்டும்.

கேக்குக்குப் பழம் ஊறவைக்கும்போது ஒரு கைப்பிடி உலர்திராட்சையைத் தனியாக எடுத்து வை. ரம் சேராத அந்தக் கைப்பிடியை 24-ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிட்டுப் போ. (நாய் வளர்க்கும் வீடென்றால் திராட்சையே வேண்டாம், நாய்க்கு அது விஷம். ஒரு ஆப்பிளைப் பாதியாக வெட்டி வை.) காலையில் பிள்ளைகள் பரிசைப் பிரிக்க எழும்புவதற்குள் எட்டு மணிக்குக் கதவைத் திற. திராட்சையை இலைச்சருகுப் பக்கமாகத் தூவிவிட்டு உள்ளே வந்து டீ போடு. பிளாக்பேர்டு வந்ததும் எனக்குப் போன் பண்ணு, நானும் அப்போது என் ஜன்னலில்தான் நிற்பேன்.