ஞானப்பெற்றோரின் கடமை ஒருநாட் கடமையன்று



வெள்ளாங்குளம், தேவன்பிட்டி மக்கள் 2008ஆம் ஆண்டை மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் மடு அன்னையின் திருச்சுரூபம் பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டி ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகஸ்டில் போர் வெள்ளாங்குளத்தைக் கடந்தது. கிழக்கே இடம்பெயர்ந்தவர்களிற் பலர் 2009இல் செட்டிகுளம் முகாம்களை அடைந்தனர். அன்று தாயின் கையைப் பிடித்து நடந்த பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். சிலர் தாமே பெற்றோராகவும் இருக்கிறார்கள்.

சிறுவயதுத் துன்பம் வயதோடு மறைந்துவிடுமா? அமெரிக்காவில் 9,000க்கு மேற்பட்ட வளர்ந்தோரிடம் வைத்தியர்கள் பெலிற்றியும் அன்டாவும் நடத்திய ஆய்வு 1998இல் வெளிவந்தது. வீட்டில் அடி உதை, குடிப்பழக்கம், மனநோய் போன்றவற்றைச் சிறுவயதில் எவ்வளவு அதிகமாகக் கண்டார்களோ, அவ்வளவு அதிகமாகப் பிற்காலத்தில் இருதய நோய், மனச்சோர்வு, மதுவுக்கு அடிமையாதல் என்பன அவர்களிடம் காணப்பட்டன.

காரணம் விளங்கக்கூடியதே. பசியிலும் அச்சத்திலும் வளரும் பிள்ளையின் உடல் எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்திருக்கப் பழகுகிறது. ஆபத்து நீங்கிய பின்பும் அப்பழக்கம் நீங்குவதில்லை. சிறு சொல்லுக்குச் சீறும் தகப்பனையும், எவரையும் நம்பாத தாயையும் குணக்கேடர் என்று தீர்ப்பிடுமுன் இதனை எண்ணிப்பாருங்கள். அத்தகையோர் மனநல வைத்தியரை நாடுவது விசுவாசக் குறைவன்று.

ஆயினும் இது தலைவிதியன்று. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற அறிஞர் பல்லாண்டுகள் கவனித்துவந்தார். வறுமையிலும் குடும்பக் குழப்பத்திலும் வளர்ந்தோருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் நல்லவர்களாய், திறமையுள்ளவர்களாய் உருவாயினர். பாட்டியோ, ஆசிரியரோ, அயலவரோ, கைவிடாத ஒரு பெரியவர் அவர்களுக்கு இருந்தார். இரண்டு வயதாகுமுன் தந்தையை இழந்த புனித ஜோன் பொஸ்கோவுக்கும் முதிய குருவான கலோசோ அப்படி வாய்த்தார்.

திருச்சபை ஒவ்வொரு பிள்ளைக்கும் அத்தகைய பெரியவரை ஞானஸ்நானத் தொட்டியருகிலேயே நியமிக்கிறது. ஆனால் நம்மிடையே அக்கடமை உடுப்போடும் விருந்தோடும் முடிந்துவிடுகிறதல்லவா? தகப்பன் கடலிலும் தாய் வெளிநாட்டிலும் இருக்கையில், பிள்ளை யாரிடம் ஓடிவரும்? வருவேன் என்ற நாளில் தவறாது வாருங்கள். கொப்பியைப் பாருங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சொல் தவறாத ஒருவரைக் கண்ட பிள்ளை, நாளை தன் பிள்ளைக்கும் சொல் தவறாது.

சிந்தனைக்கு:
1. உங்கள் ஞானப்பிள்ளையைக் கடைசியாக எப்போது சந்தித்தீர்கள்?
2. உங்கள் வட்டாரத்தில் துணையின்றி வளரும் பிள்ளைக்கு, உங்கள் குடும்பம் இவ்வாரம் என்ன செய்யும்?